பந்தயத் தடத்தில் முதல் நாள்: டயர், பிரேக் சூட்டைக் கையாளுவது எப்படி

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருங்காட்டுக்கோட்டை வரும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் 1990 முதல் அங்கே இருக்கிறது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12. பந்தயம் இல்லாத சில நாட்களில் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்ப்பவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. அப்படி முதன்முறையாகச் செல்பவர், அலுவலகத்துக்குப் போய்வரும் அதே சாதாரண ஹேட்ச்பேக் காரில் செல்பவர், டயரும் பிரேக்கும் சூடேறிக் கைவிடாமல் அந்த நாளை எப்படிக் கடப்பது என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது. கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேக்குச் செல்பவர்களுக்கும் இதே முறைகள் பொருந்தும்.

முதலில் ஒரு கணக்கு. ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்கு முன் 60 கிலோமீட்டருக்குக் குறைகிறது என்று கொள்வோம். அந்த மூன்று விநாடியில் கார் இழக்கும் ஆற்றல் ஏறத்தாழ 800 கிலோஜூல். அறைச்சூட்டில் இருக்கும் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும்; வீட்டு அடுப்பில் அதற்குப் பத்து நிமிடம் ஆகும். காற்றின் தடை கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும், மிச்சத்தின் பெரும்பகுதி வெப்பமாக மாறி முன் சக்கரங்களோடு சேர்ந்து சுழலும் இரண்டு பிரேக் டிஸ்க்குகளுக்குள் போகிறது. ஐந்து கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க் ஒன்றின் சூட்டை, இப்படிப்பட்ட ஒரே ஒரு பிரேக் கிட்டத்தட்ட 100 டிகிரி செல்சியஸ் உயர்த்திவிடும். நகரத்தில் நாம் ஒரு நாள் முழுவதும் இப்படி ஒரு முறைகூடப் பிரேக் பிடிப்பதில்லை. தடத்திலோ ஒவ்வொரு சுற்றிலும் சில முறை பிடிக்கிறோம். சராசரி 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், 2 நிமிடம் 14 விநாடிக்குள் அதே வளைவு மறுபடியும் எதிரே வந்து நிற்கும்.

ஆகவே சாலைக்கும் தடத்துக்கும் உள்ள வேறுபாடு வேகத்தில் மட்டும் இல்லை. பிரேக்குக்குக் கிடைக்கும் ஓய்வில் இருக்கிறது. சாலையில் அந்த ஓய்வு தானாக வாய்க்கிறது. தடத்தில் அதை ஓட்டுபவர்தான் கொடுக்க வேண்டும். கீழே சொல்லப்படும் எல்லாமே, எந்த விலையுயர்ந்த உதிரிபாகத்தையும் விட, அந்த ஓய்வை எங்கே, எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றியவைதான்.

ஒரு வாரம் முன்பே செய்ய வேண்டியவை

முதல் வேலை பிரேக் ஆயில். பட்டறைகளில் அப்படித்தான் சொல்கிறோம் என்றாலும் அது எண்ணெய் அன்று. கிளைக்கால் (glycol) வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது அதன் இயல்பு, அதிலும் சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. டாட் 4 தரத்திலுள்ள புதிய திரவம் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. அதே திரவத்தில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 205, 140. டாட் 5.1 என்றால் 260, 180. ஈராண்டுக்கு மேல் மாற்றாத திரவம் சாலைக்குப் போதுமானதாகத் தோன்றலாம். தடத்தில் மூன்றாவது சுற்றிலேயே அது கொதித்துவிடக்கூடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். எனவே உங்கள் கால் குமிழியை நசுக்குமே தவிர பிரேக்கை இறுக்காது.

திரவத்தொட்டியின் மூடிக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். புதிய திரவம் தேன் போல வெளிறிய மஞ்சளாக இருக்கும். டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தால் உடனே மாற்றுங்கள். நிறம் தெளிவாக இருந்தாலும் எப்போது மாற்றினோம் என்று நினைவில்லையென்றால் மாற்றுவதே சரி. டாட் 4 கேட்கும் காருக்கு டாட் 5.1 ஊற்றலாம், பந்தயத்துக்கென்றே வரும் 300 டிகிரிக்கு மேல் தாங்கும் டாட் 4 வகையையும் ஊற்றலாம். ஆனால் புள்ளி ஒன்று இல்லாத வெறும் டாட் 5 சிலிக்கான் வகை. அது இவற்றோடு கலக்காது, அதை வாங்காதீர்கள். திறந்து பாதி மீந்த போத்தலை அடுத்த முறைக்கு எடுத்துவைக்கவும் வேண்டாம், அதுவும் ஈரம் குடித்திருக்கும். மாற்றும்போது நான்கு சக்கரங்களிலும் பிளீட் செய்து, பழைய நிறம் போய்ப் புதிய நிறம் வரும்வரை வெளியேற்ற வேண்டும். முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது பேட், அதாவது டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்தி உரசும் பிரேக் கட்டை. சக்கரத்தைக் கழற்றி, பேடின் தடிமன் புதியதில் பாதிக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட் தேயத் தேயப் பிரேக் பிடிப்பது குறையாது. ஆனால் டிஸ்க்கின் சூட்டுக்கும், பேடை அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கும் திரவத்துக்கும் நடுவே தடுப்பாக நிற்பது அந்தப் பேட்தான், அது மெலிந்தால் சூடு நேராகத் திரவத்தைத் தொடும். டிஸ்க்கிலும் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும், அதைச் சரிபாருங்கள். டிஸ்க்கின் முகத்தில் தலைமுடி போல மெல்லிய கீறல்கள் தெரிவது பெரிய குற்றமில்லை. விரல் நகத்தை இழுத்தால் தட்டுப்படுகிற, அல்லது ஓரம் வரை ஓடுகிற விரிசல் இருந்தால் அந்த டிஸ்க்கோடு தடத்துக்குள் போகக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். பெரிய டிஸ்க், துளையிட்ட டிஸ்க், சிவப்பு வண்ணம் பூசிய காலிப்பர் என்று நண்பர்கள் பட்டியல் கொடுப்பார்கள். முதல் நாளுக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. துளையிட்ட டிஸ்க்குகளில் விரிசல் பெரும்பாலும் அந்தத் துளைகளிலிருந்துதான் தொடங்குகிறது. பந்தயப் பேட்களோ சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் குளிர்ந்த பேடோடு பூந்தமல்லி நெரிசலில் ஊர்வதற்கு அவை ஆகா. நல்ல திரவம், பாதிக்கு மேல் தடிமன் உள்ள பேட், இவை போதும். பேட் புதியதாக இருந்தால் மட்டும் ஒரு கூடுதல் வேலை உண்டு: அதிலுள்ள பசைப்பொருள் முதன்முறை அதிகம் சூடாகும்போது வாயுவை வெளியிட்டு, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வழுக்கல் படலம் போல நிற்கும். எனவே தடத்தின் முதல் ஓட்டத்தில், 80 கிலோமீட்டரிலிருந்து 20 வரை எட்டுப் பத்து முறை மிதமான அழுத்தத்தில் பிரேக் பிடித்து, எங்கும் முழுதாக நிறுத்தாமல், ஒரு சுற்று ஆறவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மூன்றாவது டயர். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வயதைத் தாண்டிய டயர், ஓரங்களில் வெடிப்பு உள்ள டயர், பஞ்சர் ஒட்டிய டயர் ஆகியவற்றைத் தடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆனால் புத்தம் புதிய டயரும் இங்கே சிறந்ததன்று. அதன் ரப்பர் கட்டைகள் உயரமாக இருப்பதால் வளைவில் நெளியும். நெளிகிற ரப்பர் உள்ளுக்குள்ளேயே சூடாகும். அதிகம் சூடானால் துண்டு துண்டாகப் பெயரும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிச் சற்றுத் தேய்ந்த, அதே சமயம் ஆழம் மிச்சமுள்ள டயரே தடத்தில் நன்றாக நடந்துகொள்கிறது.

காலையில், ஓட்டத்துக்கு முன்

காரை இலேசாக்குங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் கிடக்கும் மற்ற சாமான்கள் எல்லாம் சேர்த்து ஐம்பது கிலோ இறங்கினால், ஒவ்வொரு பிரேக்கிலும் உண்டாகும் வெப்பம் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு குறைகிறது. இதே காரணத்தால் நண்பரை முதல் ஓட்டத்தில் பக்கத்தில் ஏற்ற வேண்டாம். பிளாஸ்டிக் வீல் கப்புகளைக் கழற்றிவிடுங்கள். அவை காற்றையும் தடுக்கும், சூட்டில் இளகிப் பறக்கவும் செய்யும். சக்கர நட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் கொண்டு கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள்.

அடுத்தது காற்றழுத்தம். புதிதாக வருபவர்கள் அதிகம் தவறு செய்யும் இடம் இதுதான். கதவு ஓரத்து அட்டையில் 32 பி.எஸ்.ஐ. என்று இருந்தால் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவையே வையுங்கள். பந்தயக்காரர்கள் காற்றைக் குறைத்து ஓட்டுவார்களாமே என்று கேட்டு, 26க்கு இறக்கிக்கொண்டு உள்ளே போவது ஆபத்து. காற்றுக் குறைந்த டயர் வளைவில் மடங்கும். மடங்கி நிமிரும் ஒவ்வொரு முறையும் அதன் உடலுக்குள் சூடு சேரும். சாலை டயர்கள் வெடிப்பது பெரும்பாலும் அந்தச் சூட்டினால்தான். அதோடு, ஓட ஓட அழுத்தம் தானே ஏறும். காலையில் 30 டிகிரியில் 32 வைத்த டயரின் உள்ளே சூடு 70 டிகிரியை எட்டினால் அளவு 38ஐத் தொடும். நைட்ரஜன் நிரப்பினால் ஏறாது என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். ஈரமில்லாத காற்று எவ்வளவு விரியுமோ நைட்ரஜனும் அவ்வளவே விரியும்.

கையோடு ஒரு நல்ல அழுத்தமானி கொண்டுபோங்கள். எல்லா நேரமும் அதே ஒன்றையே பயன்படுத்துங்கள், ஏனென்றால் இரண்டு மானிகள் ஒரே அளவைக் காட்டுவது அபூர்வம். இன்னொரு சின்னப் பொருளும் வேண்டும்: ஒரு சாக்குக்கட்டி. நான்கு டயர்களின் தோள்பகுதியிலும், ஓடுபரப்பும் பக்கச் சுவரும் சேரும் விளிம்பின் குறுக்கே, சில இடங்களில் கோடு போட்டுவையுங்கள். எதற்கென்று பிறகு தெரியும்.

தடத்துக்குள்

பதினைந்து இருபது நிமிடம் உங்களுக்கு ஒதுக்கியிருந்தாலும், முழுவதும் விரட்ட வேண்டும் என்று பொருளில்லை. முதல் சுற்று டயரைச் சூடேற்றுவதற்கு. குளிர்ந்த டயர் எதிர்பாராத இடத்தில் வழுக்கும், எனவே ஸ்டியரிங்கை மென்மையாகத் திருப்பிப் பிரேக்கைப் படிப்படியாக அழுத்துங்கள். பிறகு மூன்று சுற்று வேகமாக. அதன் பின் ஒரு சுற்று ஆறவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நாளின் முதல் ஓட்டத்துக்கு இதுவே அளவு. எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த ஓட்டத்தில் ஒரு சுற்றைக் கூட்டிக்கொள்ளலாம்.

பிரேக் பிடிக்கும் முறை முக்கியமானது. பயத்தில் நீண்ட தூரம் இலேசாக அழுத்திக்கொண்டே வருவது பிரேக்குக்குக் கருணை காட்டுவது போலத் தோன்றும். உண்மையில் டிஸ்க்கும் பேடும் உரசும் நேரம் நீள்வதால் சூடு காலிப்பர் வரை ஊற நேரம் கிடைக்கிறது, காற்றில் ஆறும் நேரமோ குறைகிறது. நேர்ப்பாதையில், ஸ்டியரிங் நேராக இருக்கும்போது, ஒரே முறையில் உறுதியாக அழுத்தி, வேலை முடிந்ததும் காலை முழுதாக எடுத்துவிடுவதே சரி. வெப்பத்தைக் குறைக்க வேண்டுமானால் அதற்கு வழி வேறு: நேர்ப்பாதையின் முடிவுக்குச் சற்று முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். 150இலிருந்து 60க்கு வருவதற்குப் பதிலாக 135இலிருந்து 60க்கு வந்தால், பிரேக்குக்குப் போகும் ஆற்றல் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைகிறது. ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவது நமக்குச் சாதகமாக வேலை செய்யும் இடம் அது ஒன்றுதான். சுற்று நேரத்தில் அதனால் இழப்பது மிகச் சில விநாடிகளே.

வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டை முதல் நாளில் அணைக்காதீர்கள். ஆனால் அது காரை நேராக்குவது தனித்தனிச் சக்கரங்களில் பிரேக்கைப் பிடித்துத்தான் என்பதை நினைவில் வையுங்கள். டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு ஒவ்வொரு வளைவிலும் மின்னினால், நீங்கள் பெடலைத் தொடாதபோதும் உங்கள் பிரேக் சூடாகிக்கொண்டிருக்கிறது.

டயருக்கு வருவோம். வளைவில் கார் திரும்ப மறுத்து வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது, ஸ்டியரிங்கை இன்னும் திருப்பத்தான் கை போகும். அப்படித் திருப்பினால் முன் டயர்கள் உருளுவதை விட்டு உரசத் தொடங்கும். நிமிடங்களில் ஏற வேண்டிய சூடு விநாடிகளில் ஏறும். கையைச் சற்றுத் தளர்த்தி வேகத்தைக் குறைப்பதே மருந்து. காது இதற்கு நல்ல வழிகாட்டி. டயர் மெல்ல முனகினால் அது வேலை செய்கிறது, அலறினால் உரசுகிறது. இரண்டு சுற்றுக்கு முன் எளிதாகத் திரும்பிய வளைவில் இப்போது கார் வெண்ணெயில் நடப்பது போல மிதந்தால், ரப்பர் 100 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். அடித்து ஓட்டி அதைச் சரிசெய்ய முடியாது. ஒரு சுற்று ஆறவிட்டால் பிடி பெரும்பாலும் திரும்பிவிடும்.

பெடல் சொல்வது

பிரேக் கைவிடுவது இரண்டு விதம். இரண்டையும் கால் வேறுபடுத்தி அறிய வேண்டும். பெடல் கல் போல உறுதியாக இருக்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் கார் நிற்க மறுக்கிறது என்றால் பேட் தன் சூட்டு எல்லையைக் கடந்துவிட்டது. சாலைப் பேட்கள் பலவற்றுக்கு அந்த எல்லை 350, 400 டிகிரி அளவிலேயே வந்துவிடும். கருகிய நாற்றமும் வரும். ஆறவிட்டால் இது பெரும்பாலும் சரியாகும். மாறாக, பெடல் பஞ்சு போலாகி ஆழமாகக் கீழே போகிறது என்றால் திரவம் கொதித்துவிட்டது. இது ஆறினாலும் பழையபடி நம்பத் தகுந்ததன்று, அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். பின் சக்கரங்களில் டிரம் பிரேக் உள்ள கார்களில் மூன்றாவதாக ஒன்றும் நடக்கும்: டிரம் சூட்டில் விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவை விட்டு விலகுவதால் பெடல் சற்று நீளும், ஆனால் முடிவில் உறுதி இருக்கும்.

எனக்கு இரண்டாவது விதம் நேர்ந்தது. பிரேக் ஆயில் மாற்றியதாக ஒரு பட்டறை கொடுத்த ரசீதை நம்பிப் போயிருந்தேன். நான்காவது சுற்றில் பெடல் ஒரு விரற்கடை கூடுதலாக இறங்கியது. ‘பரவாயில்லை’ என்று இன்னொரு சுற்று போனேன். அடுத்த முறை அழுத்தியபோது கால் தரைவிரிப்பைத் தொட்டது. காலை எடுத்து வேகமாக இரண்டு முறை மிதித்ததில் பாதிப் பிரேக் கிடைத்தது. கியரை ஒவ்வொன்றாக இறக்கி, வளைவைத் திருப்ப முயலாமல் நேராகவே தடத்தை விட்டு மண்ணில் இறங்கி நின்றேன். வெளியேற்றிப் பார்த்தபோது திரவம் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அந்த ஒரு விரற்கடைதான் எச்சரிக்கை. அப்போதே ஆறவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். உங்களுக்கு அப்படி ஆனால் முதலில் மிதித்துப் பாருங்கள், பிறகு கியர், பிறகு தடத்துக்கு வெளியேயுள்ள திறந்த வெளி, இந்த வரிசையில் செயல்படுங்கள்.

ஆறவிடும் சுற்றும் அதற்குப் பிறகும்

கடைசிச் சுற்றில் பிரேக்கைக் கூடியவரை தொடாமல், உயர்ந்த கியரில், ஓரளவு வேகத்தோடு ஓட்டுங்கள். ஊர்ந்து வந்தால் டிஸ்க்குகளுக்குக் காற்றுக் கிடைக்காது. பின்னால் வேகமாக வருபவர்களுக்கு வழிவிட்டு, வேகமாக ஓட்டுபவர்கள் பின்பற்றும் பாதையான பந்தயக் கோட்டிலிருந்து விலகியே வாருங்கள்.

கார்களை நிறுத்தும் இடமான பிட்டுக்குள் வந்ததும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள். பழக்க தோஷத்தில் கை தானே அங்கே போகும். சூடான டிஸ்க்கைப் பேட் ஒரே இடத்தில் கவ்விப் பிடித்தால் பேடின் பொருள் அங்கே ஒட்டிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு பிரேக்கிலும் கார் நடுங்கும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து, எஞ்சினை அணைத்து, முதல் கியரில் விடுங்கள். பெடலிலிருந்தும் காலை எடுத்துவிடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை காரை ஒரு முழத் தூரம் தள்ளிவிடுவது இன்னும் நல்லது. நின்ற பிறகுதான் காற்றோட்டம் அற்றுப்போய் டிஸ்க்கின் சூடு காலிப்பருக்கு ஏறுகிறது; ஓடும்போது நன்றாக இருந்த பெடல் நின்ற பத்து நிமிடத்தில் பஞ்சாவது அதனால்தான். தண்ணீர் ஊற்றி ஆற்றுவது என்ற யோசனையே வேண்டாம், டிஸ்க் விரிசல் விடும்.

ஆறுவதற்குள் டயரைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த அளவுகள் சில நிமிடங்களில் மாறிவிடும். முதலில் அழுத்தம். முன் டயர்கள் 38ஐத் தாண்டியிருந்தால் 36, 37க்கு இறக்குங்கள். எவ்வளவு இறக்கினீர்கள் என்பதை எழுதிவையுங்கள். அடுத்து சாக்குக்கோடு. தோளின் விளிம்புவரை மட்டும் அழிந்திருந்தால் அழுத்தம் சரி. விளிம்பைத் தாண்டிப் பக்கச் சுவரிலும் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, இரண்டு பி.எஸ்.ஐ. கூட்டுங்கள், விளிம்புக்கு முன்பே கோடு மிஞ்சியிருந்தால் காற்று அதிகம். துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் ஓடுபரப்பின் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். நடு மட்டும் அதிகம் சூடென்றால் காற்று மிகுதி, இரு ஓரமும் சூடென்றால் காற்றுக் குறைவு. சாலைக் கார்களில் வெளி ஓரம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். கடிகாரச் சுற்றில் ஓடும் தடத்தில் இடப்பக்க முன் டயர்தான் அதிகம் வதைபடும், அதை முதலில் அளந்து பாருங்கள். அதே மானியைப் பளபளப்பான டிஸ்க்கின் மேல் காட்டி வரும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மினுங்கும் உலோகம் உண்மையைவிடக் குறைந்த சூட்டையே அதில் காட்டும்.

அடுத்த ஓட்டத்துக்கு முன் குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். மே மாத நண்பகலில் தார்ப்பரப்பே 50 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது, டயர் ஆறவும் நேரமாகும், சூடேறவோ ஒரு சுற்றுக்கூடத் தேவைப்படாது. என்னைக் கேட்டால் காலை ஓட்டங்களில் கற்றுக்கொண்டு, நண்பகல் ஓட்டத்தை விட்டுவிடுவேன்.

வீடு திரும்பும் முன்

மாலையில் டயர் முழுதாக ஆறிய பிறகு அழுத்தத்தை மீண்டும் அளந்து பாருங்கள். சூட்டில் நான்கு பி.எஸ்.ஐ. இறக்கியிருந்தால் இப்போது 28தான் இருக்கும். அதோடு நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போவது, காலையில் தவிர்த்த அதே ஆபத்தைச் சாலையில் வரவழைப்பது. காற்றடிக்கும் வசதியுள்ள முதல் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, அட்டையில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். நட்டுகளை ஆறிய நிலையில் மறுபடி இறுக்குங்கள். காரை நகர்த்தாமல் பெடலை முப்பது விநாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். மெல்லக் கீழே இறங்கினாலோ பஞ்சு போல இருந்தாலோ, அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போகாமல் ஏற்றிக்கொண்டு போக ஒரு வண்டியைக் கூப்பிடுங்கள்.